நாயின் கிண்ணத்தில் என்ன, எவ்வளவு? வாசகர் கேள்வி–பதில்

நாய் உணவைப் பற்றி வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பாதிப் பேர் 'என்ன போட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை' என்கிறார்கள், மீதிப் பேர் 'நிறுத்தினாலும் குண்டாகிக்கொண்டே போகிறது' என்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கிண்ணத்தில் விழுவதை யாரும் நிறுப்பதில்லை. கீழே உள்ள கணக்குகளுக்கு ஒரு சமையலறைத் தராசு போதும். உலர் உணவு நிறுவனங்கள் தரும் கரண்டியையும் டீ டம்ளரையும் நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் நாட்டு நாய் கலப்பினம். 20 கிலோ, நாலு வயது. தினமும் பாப் (சோளமாவுக் களி), அதன்மேல் வீட்டுக் குழம்பு, கூடவே கோழி எலும்பு. ஆசையாகத்தான் தின்கிறது. ஆனால் முடி மங்கி உதிர்கிறது, மண்ணை நக்குகிறது. சத்து மாத்திரை கொடுக்கலாமா? (டொங்காட் வாசகி)

மாத்திரைக்கு முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று குடற்புழுவும் தெள்ளுப்பூச்சியும். இன்னொன்று ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தால் அது ரத்தசோகையாக இருக்கலாம், மண் நக்குவதற்கும் அது ஒரு காரணம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் கிண்ணத்துக்கு வருவோம்.

பாப் கெட்ட உணவு இல்லை. ஆனால் அது சக்தியை மட்டும் தரும். 2003 அக்டோபரிலிருந்து நம் தென்னாப்பிரிக்காவில் சோளமாவில் இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ, பி வகைகள் சேர்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அது மனிதர் தேவைக்குப் போட்ட கணக்கு. நாய்க்குப் பெரிய ஓட்டை புரதத்திலும் கால்சியத்திலும்தான் விழுகிறது. 100 கிராம் சோளமாவில் புரதம் 8 கிராம் அளவுக்குத்தான், அதிலும் லைசின், ட்ரிப்டோஃபான் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு. கால்சியமோ 10 மில்லிகிராமைத் தொடுவதே அபூர்வம். உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1050 கிலோகலோரி, குறைந்தது 47 கிராம் புரதம், 1.3 கிராம் கால்சியம் வேண்டும். அத்தனை கலோரியையும் மாவிலேயே கொடுத்தால் 300 கிராம் மாவு ஆகும். வயிறு நிறைந்துவிடும், புரதம் பாதிதான் சேரும், கால்சியம் தேவையில் நாற்பதில் ஒரு பங்குகூட வராது. முடி என்பதே பெரும்பாலும் புரதம். உடம்புக்குத் தட்டுப்பாடு வந்தால் முதலில் கைவிடுவது தோலையும் முடியையும்தான். கால்சியத்தை மட்டும் விட முடியாது. அதை எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும்.

குழம்பை இன்றோடு நிறுத்துங்கள். வெங்காயம், பூண்டு, உப்பு, எண்ணெய் நாலும் அதில் இருக்கின்றன. எலும்புக்குத் தனியே பதில் இருக்கிறது.

செலவு கட்டுப்படியாகும் வழி இது: பதிவு பெற்ற முழுமையான உலர் உணவு 240 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, உப்பில்லாமல் கிண்டிய பாப் 100 கிராம். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1040 கிலோகலோரி வரும். வாரத்தில் இரண்டு நாள் முட்டைக்குப் பதில் டின் பில்ச்சர்ட் மீன் 60 கிராம் போடலாம். உப்புநீரில் இருப்பதை வாங்கி, வடிகட்டியில் கழுவிவிட்டுப் போடுங்கள். மிளகாய் சேர்த்த டின் வேண்டாம். மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் வயிற்றைக் கலக்கும். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முடியில் பளபளப்பு தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும், புது முடி முளைத்து வர வேண்டுமே. அதற்குள் உணவை மறுபடி மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ஆறு வயது லாப்ரடார், கருத்தடை செய்தது. 38 கிலோ. மருத்துவர் 31 கிலோவுக்குக் கொண்டுவரச் சொன்னார். சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டோம், ஆனாலும் இளைக்கவில்லை. பசியில் பார்க்கிற பார்வை தாங்கவில்லை. (சாட்ஸ்வர்த் வாசகர்)

பாதி என்றால் எதில் பாதி என்பதுதான் முதல் கேள்வி. கால்குலேட்டரை எடுங்கள். இலக்கு எடை 31. அதை மூன்று முறை பெருக்குங்கள்: 31 × 31 × 31 = 29,791. இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்தால் 13.14. அதை 70ஆல் பெருக்கினால் 920. ஓய்வில் இருக்கும் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கும் கிலோகலோரி அது. எடை குறைய வேண்டிய நாய்க்கு இந்த அளவிலிருந்துதான் தொடங்குவோம். சரியான எடையில் இருக்கும் கருத்தடை நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்க வேண்டும், கருத்தடை செய்யாததற்கு 1.8.

920இல் பத்து சதவீதத்தைத் தின்பண்டத்துக்கு ஒதுக்கினால் மீதி 830. உங்கள் உலர் உணவு 100 கிராமுக்கு 350 கிலோகலோரி தருமானால் ஒரு நாளைக்கு 235 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். காலையிலேயே அந்த 235 கிராமை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். வீட்டில் யார் எடுத்துக் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். பெரும்பாலான வீடுகளில் கணக்கு உதைப்பது இங்கேதான். தாத்தா காலையில் ஒரு ரொட்டி போடுவார், பிள்ளைகள் போலோனி இறைச்சித் துண்டு போடுவார்கள், அம்மா பாத்திரத்தை வழிக்கக் கொடுப்பார். ஒரு ரொட்டி 120 கிலோகலோரி. அதுவே ஒரு நாள் தின்பண்டக் கணக்கைத் தாண்டிவிட்டது.

சாதாரண உணவை மிகவும் குறைத்தால் கலோரியோடு புரதமும் வைட்டமினும் சேர்ந்து குறைந்துபோகும். அதனால் எடை குறைப்புக்கென்றே வரும் உணவுக்கு மாறுவது நல்லது. அதில் கலோரி குறைவு, புரதமும் நாரும் அதிகம். பசிப் பார்வைக்கும் அதுவே மருந்து. வேகவைத்த பீன்ஸ், சுரைக்காய், காரட் இரண்டு பிடி சேர்த்தால் கிண்ணம் நிறைந்து தெரியும், கலோரி ஏறாது.

வாரத்துக்கு எடையில் ஒரு சதவீதம், அதாவது 350 கிராம் அளவு குறைந்தால் சரியான வேகம். இரண்டு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கணக்குப்படி ஐந்து மாதம் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுங்கள். தராசு அசையவே இல்லையென்றால் பத்து சதவீதம் குறையுங்கள். அப்போதும் அசையாவிட்டால் தைராய்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

தராசு இல்லாத நாளில் கையால் பார்க்கலாம். நாய் நிற்கும்போது பின்னாலிருந்து இரு கைகளையும் விலாவின்மேல் பரப்பி, கட்டைவிரல் முதுகெலும்பில் இருக்க, அழுத்தாமல் முன்னும் பின்னும் தடவுங்கள். இப்போது உங்கள் இடது கையை நீட்டி, புறங்கையின் விரலெலும்புகளை வலது விரலால் தடவிப் பாருங்கள். விலா அப்படித்தான் தட்டுப்பட வேண்டும். மடக்கிய முஷ்டியின் விரல் மொட்டுகள்போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கைபோல் மெத்தென்று இருந்து, அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் பருமன்.

இவ்வளவு சிரமம் வீண்போகாது. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மறுபாதியைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுதும் கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. குறைத்துத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

கேள்வி: பெட்டி உணவில் நம்பிக்கை இல்லை. வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க ஒரு சரியான அளவு சொல்லுங்கள். நாய் 20 கிலோ. (மெர்பேங்க் வாசகி)

சொல்கிறோம், ஆனால் ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். 2013இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக் கால்நடை மருத்துவர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளிலும் பல தப்பவில்லை. 'இறைச்சி, சோறு, காய் மூன்றும் இருக்கிறதே' என்பது போதாது.

ஒரு நாளைக்கு: தோல் நீக்கிய கோழித் தொடை இறைச்சி, வேகவைத்து எலும்பு எடுத்தபின் 250 கிராம். குழைய வடித்த சோறு 300 கிராம். கோழி ஈரல் வேகவைத்து 25 கிராம். பூசணி அல்லது பட்டர்நட்டும் பீன்ஸும் சேர்த்து 100 கிராம், மசித்தது. சூரியகாந்தி எண்ணெய் ஒரு தேக்கரண்டி, சமைத்து இறக்கியபின். முட்டை ஓட்டுப் பொடி முக்கால் தேக்கரண்டி, சுமார் 4 கிராம். மொத்தம் ஆயிரம் கிலோகலோரி. உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். காயை மசிக்காமல் போட்டால் அப்படியே வெளியே வந்துவிடும்.

முட்டை ஓட்டுப் பொடியை இப்படிச் செய்யுங்கள். ஓடுகளைக் கழுவி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் விட்டு எடுத்து, அவனில் 150 டிகிரியில் பதினைந்து நிமிடம் காய வையுங்கள். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினில் மைதா மாதிரி ஆகும்வரை அரையுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் நெருடக் கூடாது. நெருடினால் உடம்பில் சேராமல் மலத்தோடு போகும். 4 கிராம் பொடியில் ஏறக்குறைய 1.5 கிராம் கால்சியம் கிடைக்கும். இதைச் சேர்க்காமல் இறைச்சியும் சோறும் மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் தாடையெலும்பு மெலிந்து பல் ஆடும், குட்டியானால் காலே ஒடியும்.

இத்தனை செய்தும் அயோடின், துத்தநாகம், வைட்டமின் டி, ஈ நாலும் குறையும். பாஸ்பரஸும் விளிம்பில்தான் நிற்கும். அதற்காக வீட்டுச் சமையலோடு கலக்கவென்று தயாரித்த தாதுக் கலவை ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மனிதருக்கான மல்ட்டிவைட்டமின் வேண்டாம். அதன் வைட்டமின் டி அளவு நாய்க்கு ஆபத்தாகலாம். வாங்கும் கலவையில் கால்சியம் ஏற்கெனவே இருந்தால் ஓட்டுப் பொடியை விட்டுவிடுங்கள். ஈரலையும் ஆசைக்குக் கூட்டாதீர்கள். தினமும் மிக அதிகமாக ஈரல் போனால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கி, எலும்பைப் பாதிக்கும்.

வாரத்துக்குச் சேர்த்துச் சமைத்து, ஒரு நாள் பங்காகப் பிரித்து உறைய வைக்கலாம். ஃபிரிட்ஜில் மூன்று நாளைக்குமேல் வேண்டாம். மின்வெட்டில் முழுக்க உருகி அறை வெப்பத்துக்கு வந்த பங்கை மறுபடி உறைய வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: நாம் சாப்பிடுவதில் நாய்க்கு ஆகாதவை எவை? சாக்லேட் தெரியும். வேறு? (ஃபீனிக்ஸ் வாசகர்)

நம் சமையலறைக்கு ஏற்ற வரிசையில் சொல்கிறோம்.

வெங்காயமும் பூண்டும் முதலில். பச்சையோ வதக்கியதோ பொடியோ, எந்த வடிவிலும் சிவப்பணுவை உடைக்கும். உடல் எடையில் அரை சதவீதம் வெங்காயம் போதும். 10 கிலோ நாய்க்கு 50 கிராம், அதாவது நடுத்தர வெங்காயத்தில் பாதி. பூண்டுக்கு அதைவிட வீரியம் அதிகம். ஒரே நாளில் தின்ன வேண்டும் என்றில்லை, தினம் கொஞ்சம் குழம்பாகச் சேர்ந்தாலும் கெடுதல்தான். தின்ற அன்று எதுவும் தெரியாது. மூன்று நாலு நாள் கழித்துச் சோர்வு, வெளுத்த ஈறு, கறுத்த சிறுநீர் வரும். பிலியரி என்று நாம் சொல்லும் உண்ணிக் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள்தான். அதனால் வெங்காயம் தின்றிருந்தால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

திராட்சை, உலர்திராட்சை: பாயசத்தில் மிதப்பதும் சேர்த்திதான். எந்த அளவு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. ஒரு நாய் நாலைந்து தின்று சும்மா இருக்கும், இன்னொன்றுக்குச் சிறுநீரகம் நின்றுபோகும். காரணம் டார்டாரிக் அமிலம் என்ற கருத்து 2021இல் வந்தது. அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதித்ததை 2022இல் வெளியான ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது. நம் வீடுகளுக்கு இது முக்கியமான செய்தி. ரசம், புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு நாய்க்கு வேண்டாம். புளி உருண்டையை நாய் எட்டும் தட்டில் வைக்காதீர்கள். தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் ஊசி போட்டு வெளியே எடுக்க முடியும். உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்கும் பழைய வழக்கம் உயிருக்கே ஆபத்து.

சைலிட்டால்: சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில பீனட் பட்டர்களில் இருக்கும் இனிப்பு. லேபிளில் ஈ967 என்றும் எழுதுவார்கள். கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே ரத்தச் சர்க்கரை அரை மணியில் சரியும், 0.5 கிராமில் கல்லீரல் கெடும்.

நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் மெக்கடேமியாத் தோட்டம் ஏராளம். அந்தப் பருப்பைத் தின்ற நாய்க்கு அரை நாளுக்குள் பின்னங்கால் துவளும், நடுங்கும், வாந்தி எடுக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் இரண்டு நாளில் எழுந்துவிடும், இருந்தாலும் காட்டுங்கள்.

சாக்லேட்டில் கறுப்புதான் கொடியது. 10 கிலோ நாய்க்கு 40 கிராம் கறுப்புச் சாக்லேட்டில் தொந்தரவு தொடங்கும், பால் சாக்லேட்டில் 100 கிராமில். பில்டாங் என்ற உப்பிட்டு உலர்த்திய இறைச்சி உப்பு மூட்டை, பழக்க வேண்டாம்.

கேள்வி: ப்ராய் விருந்தில் இறைச்சி சுட்டு முடிந்ததும் எலும்பையும் சுட்ட சோளக் கட்டையையும் நாய்க்குப் போடுவது எங்கள் வழக்கம். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

ஆகாதவரை ஆகவில்லை. வெந்த எலும்பில் ஈரப்பசையும் கொலாஜனும் போய்விடும். கடித்தால் கூரான சில்லாக உடையும். தொண்டையில் குத்தலாம், குடலைக் கிழிக்கலாம், மலக்குடலில் சுண்ணாம்புக் கட்டியாக இறுகலாம். ஆட்டு நல்லி எலும்பின் வளையம் கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டு, மயக்க மருந்து கொடுத்து அறுத்தெடுப்பதும் உண்டு.

சோளக் கட்டை எலும்பைவிட ஏமாற்றும். அது கரையாது, செரிக்காது, எக்ஸ்ரேயிலும் தெளிவாகத் தெரியாது. இரண்டு அங்குலத் துண்டு வயிற்றில் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் கிடந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் சிறுகுடலில் போய் அடைக்கும். நாய் தின்றதையெல்லாம் கக்கும், தண்ணீரையும் கக்கும். ப்ராய் நடந்தது வீட்டாருக்கு மறந்தே போயிருக்கும். அறுவை சிகிச்சை தவிர வழியில்லை. மாங்கொட்டைக்கும் இதே கதைதான்.

கொழுப்புத் துண்டும் பூரவோர்ஸ் என்ற இறைச்சிக் குழலும் கணையத்தை வீங்கச் செய்யும். விருந்துக்கு மறுநாள் நாய் முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி வில்லாக நின்றால் அது வயிற்று வலி.

கடிக்க ஏதாவது வேண்டுமென்றால் பச்சைக் காரட் போதும். ஆட்டு நுரையீரலையும் ஈரலையும் பச்சையாக ஒருபோதும் போடாதீர்கள். அதில் நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் நாடாப்புழுவாகி, அதன் முட்டை நாயின் மலம் வழியாக வீட்டுக் குழந்தைக்கு வரும். அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள்.

கேள்வி: மூன்று மாத பூர்புல் குட்டி, பெரிய காவல் நாய் இனம். எலும்பு பலமாக இருக்கக் கால்சியம் டானிக்கும் தினம் அரைக் கிலோ மாட்டிறைச்சியும் கொடுக்கச் சொல்கிறார் விற்றவர். (லெனேசியா வாசகர்)

இரண்டும் தவறு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் தவறு. வெறும் இறைச்சியில் கால்சியம் இல்லை, பாஸ்பரஸ் நிறைய. அதை மட்டும் தின்றால் எலும்பு கரையும். நல்ல குட்டி உணவோடு டானிக்கும் சேர்த்தால் கால்சியம் கூடிப்போகும். ஆறு மாதம் ஆகாத குட்டிக்கு 'எனக்குப் போதும்' என்று குடலில் கால்சியத்தைத் தடுக்கும் சக்தி கிடையாது. கொடுத்ததெல்லாம் உள்ளே போகும். குருத்தெலும்பு சரியாக எலும்பாகாமல் கால் வளையும், மூட்டில் குருத்து பெயரும்.

பெரிய இனக் குட்டிகளுக்கென்று குறிப்பிட்ட உணவை வாங்குங்கள். பையில் கால்சியம் கிலோவுக்கு 11 முதல் 16 கிராமுக்குள் இருக்கட்டும். டானிக்கைத் தூக்கி வையுங்கள். நாலு மாதம்வரை தினம் நாலு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, பிறகு ஆயுள் முழுக்க இரண்டு. பூர்புல் ஒன்றரை இரண்டு வயதுவரை வளரும், அவசரப்படுத்த வேண்டாம். குட்டி உருண்டையாக இருந்தால் பார்க்க அழகுதான், மூட்டு தாங்காது. விலா தட்டுப்பட வேண்டும், இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். கிண்ணத்தைக் காலிசெய்ததும் ஓடவிடாதீர்கள், ஒரு மணி நேரம் படுக்கட்டும். ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

கேள்வி: புரட்டாசியில் வீட்டில் கவிச்சி கிடையாது. நாயும் ஒரு மாதம் சைவமாக இருக்கலாமா? (வெருலம் வாசகி)

பழக்கமான உலர் உணவை அதன் தனிக் கிண்ணத்தில், வீட்டுக்கு வெளியே கொடுப்பதே எங்கள் முதல் ஆலோசனை. சமைக்கவும் வேண்டாம், அடுப்பும் தீட்டுப்படாது. அதுவும் வேண்டாமென்றால், 'முழுமையானது' என்று பதிவு பெற்ற சைவ உணவு கிடைத்தால் ஆரோக்கியமான வளர்ந்த நாய் அதில் இருக்க முடியும். நாய்க்கு மாவுச்சத்து நன்றாகவே செரிக்கும்.

நீங்களாகப் பருப்புசாதம் போட்டு ஒரு மாதம் ஓட்டுவது சரிவராது. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அதிலிருந்துதான் நாய் தன் இதயத்துக்கு வேண்டிய டாரினைச் செய்துகொள்கிறது. பி12 அறவே இல்லை. வைட்டமின் டியை நம்மைப்போல் வெயிலில் தோலால் போதுமான அளவு செய்துகொள்ள நாய்க்கு முடியாது. பட்டாணி, பருப்பு மிகுந்த, தானியமில்லாத நாய் உணவுகளுக்கும் இதயத் தசை வீங்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணையே தொடங்கியது. முட்டைக்குத் தடையில்லாத வீடென்றால் முட்டை பெரிய துணை. குட்டிகள், சினை நாய், பாலூட்டும் நாய் ஆகியவற்றுக்குச் சைவப் பரிசோதனையே வேண்டாம். ஆடிக்கூழையும் ஊற்றாதீர்கள், சின்ன வெங்காயம் கரைந்திருக்கும்.

கேள்வி: பால் கொடுக்கலாமா? (இசிபிங்கோ வாசகி)

வளர்ந்த நாய்க்குப் பால் பலவேளை பேதியாகும். மாஸ் (புளித்த பால்) அல்லது தயிர் இரண்டு மேசைக்கரண்டி, இனிப்பில்லாதது, சரி. உணவு முறை எதுவானாலும் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் தண்ணீர் தினமும் வேண்டும். டர்பன் வெயிலில் அதற்கு மேலும்.

கேள்வி: பிலியரி வந்து பிழைத்த நாய். ரத்தம் ஊற பச்சை ஈரலும் பீட்ரூட்டும் இரும்பு டானிக்கும் கொடுக்கிறோம். போதுமா? (ஸ்டாங்கர் வாசகர்)

பீட்ரூட்டின் நிறம் ரத்தமாகாது. சிறுநீரையும் மலத்தையும் சிவக்க வைத்து, நோய் திரும்பியதா என்று உங்களைக் குழப்பத்தான் செய்யும். தென்னாப்பிரிக்காவின் உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் பபேசியா ரோஸி சிவப்பணுவை உடம்புக்குள்ளேயே உடைக்கிறது. உடைந்த அணுவின் இரும்பு உள்ளேயே தங்கி மறுபடி பயனாகிறது. ரத்தம் வெளியே போனால்தான் இரும்புக் குறை வரும். அதனால் டானிக்கால் பெரிய லாபமில்லை, வயிற்றைத்தான் புண்ணாக்கும்.

தேவைப்படுவது புரதமும் கலோரியும்தான். இரண்டு வாரம் குட்டிகளுக்கான உணவைக் கொடுங்கள், அதில் இரண்டும் செறிவாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்துப் பதினைந்து நிமிடம் ஊற வைத்தால் வாசனை எழும், மந்தமான நாயும் திரும்பிப் பார்க்கும். ஒரு நாள் அளவை நாலைந்தாகப் பிரித்துக் கொடுங்கள். ஈரல் வேகவைத்து 20 கிலோ நாய்க்கு 25 கிராம், ருசிக்காக. வாய்க்குள் திணிக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போகும். மறுபடி சோறு வெறுத்து, ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறமானால் அன்றே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருந்தால் கை மீறிவிடும்.

கேள்வி: கடையில் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கும் உலர் உணவு மலிவு. வாங்கலாமா? பையில் எதைப் பார்ப்பது? (ஷால்கிராஸ் வாசகர்)

சில்லறை வேண்டாம். என்ன உணவு, எப்போது திறந்தது, எவ்வளவு நாள் காற்றில் கிடந்தது, எதுவும் தெரியாது. நம் நாட்டில் விற்கும் நாய் உணவு 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பையில் 'வி' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாத பையைத் தொடாதீர்கள். அடுத்து 'கம்ப்ளீட்' என்ற சொல். பிறகு வயது: குட்டிக்கா, வளர்ந்ததற்கா.

புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் எல்லாம் கிலோவுக்கு இத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். டின்னையும் உலர் உணவையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், ஈரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். டின்னில் புரதம் 80, ஈரப்பதம் 800 என்றால் மீதி 200இல் 80, அதாவது 40 சதவீதம். உலர் உணவில் புரதம் 220, ஈரப்பதம் 100 என்றால் 900இல் 220, சுமார் 24 சதவீதம். இப்படிக் கழித்தபின் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18, குட்டிக்கு 22.5 சதவீதம் இருக்க வேண்டும்.

நம் கடற்கரைப் புழுக்கத்தில் வாங்குவதைவிடக் காப்பதுதான் கஷ்டம். பூஞ்சை பிடித்த சோளத்தில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் கல்லீரலைத் தின்றுவிடும். 2011இல் கௌடெங் பகுதியில் நச்சேறிய உணவைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது. ஆகவே வண்டு வைத்த, மக்கல் வாசனை அடிக்கும் சோளமாவை 'நாய்க்காவது ஆகட்டும்' என்று ஒதுக்கி வைக்காதீர்கள். உலர் உணவை டிரம்மில் கொட்டாமல், பையோடு டிரம்முக்குள் இறக்கி, வாயை மடித்துக் கிளிப் போட்டு மூடுங்கள். டிரம்மின் அடியில் தங்கும் பழைய கொழுப்பு புது உணவையும் காறலாக்கும், பையோடு வைத்தால் தொகுதி எண்ணும் கையில் இருக்கும். திறந்த பை ஆறு வாரத்துக்குள் தீரும் அளவில் வாங்குங்கள். 10 கிலோ நாய் ஒன்றுக்கு 20 கிலோ மூட்டை லாபமில்லை. 8 கிலோ பை போதும்.